கஸ்தூரி எழுதிய எண்

செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்தில் வந்து உட்கார்ந்ததும் கோட்டைக்குப்பத்திலிருந்து போன். "அக்கா போய்ட்ச்சு சார்" என்றார் கஸ்தூரியின் தம்பி. புற்றுநோய் என்று தெரிந்து நான்கே மாதம். வயது முப்பத்தெட்டு.

கஸ்தூரி அவர்கள் என்னோடு பதினோரு ஆண்டுகள் பணியாற்றினார். பல கணினிகள் சேர்ந்து இயங்கப்போகும் ஓர் அமைப்பை, அது உருவாகும் முன்பே வரைபடத்தில் பார்த்து, கூட்டம் வந்தால் வேலை எங்கே தேங்கும், பதில் வர எவ்வளவு நேரமாகும் என்று கணித்துச் சொல்வது அவர் வேலை. சொன்னால் தப்பாது. ஆனால் மூஞ்சிக்கு நேராகச் சொல்வார். அது யாருக்கும் பிடிக்காது, எனக்கும்தான்.

மீனவர்கள் கடலில் இறங்குமுன் போனில் காற்று நிலவரம் கேட்டறியும் சேவை ஒன்றை நாங்கள் வடிவமைத்தோம். கேள்விகள் ஒரே நேரத்தில் குவியும், பதில் அரை மணி தாமதமாகும் என்று எழுதிக் கொடுத்தார். காலை முழுக்கப் பரவலாகத்தானே வரும் என்றேன்.

"எங்க ஊர்ல ஆளுக்கொரு நேரத்துல கேக்க மாட்டாங்க சார். ஒரு போட் எறங்குனா குப்பமே எறங்கும்."

கெடு நெருங்கியிருந்தது. ஒரே நேரத்தில் இத்தனை கேள்விகள் வரும் என்று அவர் எழுதிய எண்ணை நான் குறைத்தேன். குறைத்ததும் காகிதத்தில் பதில் நொடியில் வந்துவிட்டது. அறிக்கைக்குப் பாராட்டும் கிடைத்தது.

சேவை தொடங்கிய அந்த ஐப்பசியில் ஒரு விடியற்காலை, மீனவரான அவருடைய தந்தை நிலவரம் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பதில் வரவில்லை. மற்ற படகுகள் இறங்கின. நனைந்துவிடும் என்று போனை வீட்டில் வைத்துவிட்டு அவரும் இறங்கினார். மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கியது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று கஸ்தூரி என் மேசைக்கு வந்தார். "நைனா போனப்புறம் பதில் வந்துச்சு சார், போவாதேன்னு. நான் எழுதுன அதே அரை மணி."

அன்றே அந்த அமைப்பைத் திருத்தி வரையத் தொடங்கினார். எண்ணை மாற்றியது யார் என்று கடைசிவரை கேட்கவில்லை. தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஒப்புக்கொள்ள எனக்கு ஆறு ஆண்டுகள் இருந்தன. கோழை நான்.

அடக்கத்துக்குப் போனபோது படகுகள் எல்லாம் மணலில் ஏற்றிக் கிடந்தன. கடலில் ஒன்றுகூட இல்லை. காற்று சரியில்லையா என்று தம்பியிடம் கேட்டேன்.

"காத்து நல்லாத்தான் கீது சார். ஒரு வூட்ல சாவுன்னா குப்பத்துல யாரும் போவ மாட்டாங்க."

அங்கேயே அவரிடம் ஒப்புக்கொண்டேன். எழுந்து போய்விட்டார்.

விடை கொடுங்கள், கஸ்தூரி. நீங்கள் எழுதிய எண் சரி. அதை மாற்றியவன் நான்.