திருத்திய நேரம்

என் தங்கச்சிக்கு ஒரு குணம் உண்டு. ஊருக்குச் சொல்லிவிட்டால் அண்ணனுக்கும் சொன்ன மாதிரிதான் என்று நினைப்பாள். எனக்கென்று தனியாக ஒரு வார்த்தை அனுப்ப அவளுக்குக் கை வராது. பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் மேல் லயத்தில் இருக்கிறாள். கோயிலில் ஞாயிறு வகுப்பு எடுக்கிறாள். தோட்டத்துக்கென்று நான் செய்து கொடுத்த வலைப்பக்கத்தில் எழுதுவது அவள் ஒருத்திதான். எனக்குப் பதுளை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை.

அந்தப் பக்கத்துக்கு இரண்டு செய்தியோடைகள் வைத்திருந்தேன். ஏதாவது எழுதினால், பக்கத்தைத் திறக்காமலேயே வாசிப்பவரின் போனுக்குத் தேடிப் போகும் ஏற்பாடுதான் செய்தியோடை. ஒன்று ஆர்எஸ்எஸ். மற்றது, இங்கிலீஷில் அணு என்று பொருள்படும் ஆட்டம். ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு என்று கடை முதலாளி கேட்பார். முதலில் வந்தது ஆர்எஸ்எஸ். அதை வளர்த்தவர்களுக்குள்ளேயே சண்டை வந்து, ஒரே பெயரில் ஆளுக்கொரு வடிவம் செய்தார்கள். அதில் அலுத்துப்போன சிலர் புதிதாக எழுதியதுதான் ஆட்டம். ஆர்எஸ்எஸ்ஸுக்குத் தாராள மனசு. தேதி போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. எழுதியவர் பெயரும் அப்படித்தான். ஆட்டம் கறார். யார் எழுதினார், கடைசியாக எப்போது திருத்தினார் என்று சொல்லியே ஆகவேண்டும். வேலையத்தவர்கள் செய்த கெடுபிடி என்று நானே முணுமுணுத்திருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் கெட்ட சேதியை ஒரு வாசலில் ஒரு தடவைதான் சொல்வார்கள். திரும்பச் சொன்னால் திரும்ப நடந்துவிடும் என்று பயம். தங்கச்சி அந்த வழக்கத்தை வலைப்பக்கத்துக்கும் கொண்டுவந்துவிட்டாள். நிலைமை மாறினால் புதிதாக எழுத மாட்டாள், பழையதற்குள்ளேயே போய் மாற்றுவாள். "புதுசா போடு தாயி, அப்பத்தான் எல்லாருக்கும் போகும்" என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. "ஒரு சாவ ரெண்டு தடவ சொல்லச் சொல்றியாண்ணே?" என்பாள். இவளிடம் யார் பேசி ஜெயிப்பது?

மழை விடாமல் ஊற்றிய ஒரு மத்தியானம், அவள் எழுதியது ஆர்எஸ்எஸ் வழியாக என் போனுக்கு வந்தது. "மேல் லயத்துக்கு மேலே மண் சரிகிறது. பின்வரிசை வீடுகளை மண் மூடிவிட்டது. எல்லாரும் கீழே ஓடுங்கள்." அவள் வீடு பின்வரிசையில்தான் இருக்கிறது. அவள் போனுக்குக் கோல் எடுத்தேன், லைன் போகவில்லை. ரோட்டில் மரம் விழுந்து பஸ்ஸும் இல்லை. வலைப்பக்கம் திறக்க மாட்டேன் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. போன் திரையை இழுத்து இழுத்துப் பார்த்தேன். அதே மூன்று வரி, அதே நேரம். எழுதிவிட்டு ஓடினாளா, ஓடாமல் நின்று எழுதினாளா? நின்றுதான் எழுதியிருப்பாள், பாவி மக.

முதலாளி தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். "குடிங்க தம்பி. அல்லாஹ் காப்பாத்துவான்" என்றார். குடிக்க முடியவில்லை.

கடைக் கம்ப்யூட்டரில், ஆட்டம் ஓடை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க எப்போதோ ஒரு வாசிப்பான் மென்பொருள் போட்டு வைத்திருந்தேன். அது நினைவு வந்து திறந்தேன். பக்கம் வராவிட்டாலும், வெறும் எழுத்து மட்டுமான ஓடை வந்துவிட்டது. அந்தச் சேதி, ஏற்கனவே வந்த அதே சேதி, தடித்த எழுத்தில் மறுபடி மேலே ஏறி நின்றது. வெளியிட்ட நேரம் மத்தியானம். திருத்திய நேரம் இப்போதுதான். எழுதியவர் இடத்தில் என் தங்கச்சியின் பெயர்.

உள்ளே இருந்ததை உடனே வாசிக்கவில்லை. அந்த நேரத்தையும் பெயரையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். மண் மூடிய பிறகு ஒரு கை இந்த எழுத்தைத் தொட்டிருக்கிறது, அது அவள் கை. எங்கேயோ, எங்கள் மலையைக் கனவிலும் கண்டிராத நாலு பேர், எழுதிய நேரம் வேறு, திருத்திய நேரம் வேறு, இரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று மல்லுக்கட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆர்எஸ்எஸ்ஸில் பிறந்த நேரத்துக்கு மட்டும்தான் இடம். அது மாறாததால், பார்த்த சேதிதானே என்று என் போன் சும்மா இருந்துவிட்டது. கோயிலில் நிற்கிற மாதிரி எழுந்து நின்றுவிட்டேன்.

பிறகுதான் வாசித்தேன். எல்லாரும் இறங்கிக் கோயிலுக்குள் வந்துவிட்டார்கள், வீடுகள்தான் போய்விட்டன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருத்திய நேரம் மறுபடி மாறியது. பிள்ளைகளுக்குப் பால்மா வேண்டும் என்று ஒரு வரி கூடியிருந்தது. இன்னும் ஒரு தடவை மாறியது. இந்தத் தடவை கடைசியில் அவள் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள்.

"பதுளை டவுன்ல கம்ப்யூட்டர் கடையில வேலை செய்ற எங்க அண்ணன் பயந்துகிட்டு இருக்கும். நான் நல்லா இருக்கேன்னு யாராவது சொல்லிருங்க."

முதலாளியிடம் திரையைக் காட்டினேன். அழுகைதான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் கடை போன் அடித்தது. லுணுகலையிலிருந்து யாரோ ஒரு அம்மா, டவுனில் கடை கடையாக விசாரித்து எடுத்திருந்தார். "உங்க தங்கச்சி நல்லா இருக்காங்களாம், பயப்படாதீங்க" என்றார். "அப்படீங்களா, நல்லா இருக்காளா?" என்று கேட்டேன். அவர் வைத்ததும் வெலிமடையிலிருந்து ஒருவர் கோல் எடுத்தார். அவரிடமும் அப்படியே கேட்டேன்.

"தெரியும்னு சொல்லலாமே தம்பி" என்றார் முதலாளி.

"இல்ல முதலாளி, இன்னொருக்கா சொல்லட்டும்" என்றேன்.