இரண்டு பியே

"ரெண்டு வெட்டட்டுமா?" என்று ஒருவர் கேட்டால், "எந்த ரெண்டு?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஆறாம் வகுப்பு வரை படித்த எனக்கு அது ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன்.

என் மகன் தவழத் தொடங்கியிருந்தான். எங்கள் வீட்டு வாசலில் ஒரே ஒரு கல்படி. படிக்குக் கீழே நான்கு எட்டு நடந்தால் ரிவியேர் தே ஸாங்கீய் ஊருக்குப் போகும் பாதை. கரும்பு வெட்டுக்காலம் வந்து ஆலை ஓடத் தொடங்கிவிட்டால் விடியலிலிருந்து பொழுது சாயும் வரை கரும்பு வண்டிகள் அதில்தான் ஆலைக்குப் போகும். நினைத்த இடத்தில் மாட்டை நிறுத்த எந்த வண்டிக்காரராலும் முடியாது. அடுப்படியில் இருந்தால் பிள்ளை எங்கே என்று பார்க்க ஓடுவேன். பிள்ளையிடம் இருந்தால் சோறு தீய்ந்துவிடும். கிராதியும் கதவும் வைத்து வாசலில் ஒரு தாழ்வாரம் கட்டினால் நிம்மதி என்று கணவரிடம் சொன்னேன். அவர் ஆலையில் எழுத்து வேலை செய்கிறார், வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். "நீயே பார்த்துச் செய்" என்றுவிட்டார். அப்படி ஒருவரும் அதுவரை என்னிடம் சொன்னதில்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டு வேலைக்கு ஒரே ஒரு தச்சர். அவருடைய முன்னோர்கள் புதுச்சேரியிலிருந்து வந்தவர்கள். இவர் மாதா கோயிலுக்குப் போகிறவர், பேசுவது இந்தத் தீவின் கிரியோல் மொழி. தமிழில் அவருக்கு மிஞ்சியிருப்பது "தங்கச்சி" என்ற ஒரு சொல். அதை வாக்கியத்துக்கு இரண்டு தரமாவது சொல்லிவிடுவார்.

அவர் வருவதற்கு முதல் நாளே சொல்ல வேண்டியதையெல்லாம் சிலேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். நீளம் எட்டு அடி, அகலம் ஐந்து அடி, கிராதிக் கம்பிகளுக்கு நடுவே பிள்ளையின் தலை நுழையக் கூடாது. நீளம் எட்டு அடி என்பது மாமனாரின் ஆசை. "நாலு பேர் வந்தா உட்கார வேண்டாமா?" என்பார். எனக்கு ஆறே போதும். ஆனால் அவரிடம் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

தச்சர் வந்தார், கயிறு பிடித்து அளந்தார், வாசலின் இடது மூலையில் நின்று தாடையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, இந்தப் பக்கம் இடிக்குது. ரெண்டு பியே வெட்டணும், தங்கச்சி."

பியே என்றால் கிரியோலில் அடி. பள்ளிக்கூடத்தில் படித்த நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எட்டில் இரண்டு போனால் ஆறு. நான் கேட்காமலே நான் விரும்பியது நடக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

"தாராளமா வெட்டுங்க," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ரெண்டு போதுமா? மூணு வெட்டினாலும் சரிதான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மூணாவது ஓரமா நிக்குது, தங்கச்சி. பாவம், அது யாரை என்ன செய்யுது?"

ஒரு அடிக்குப் போய் இவ்வளவு இரக்கமா என்று வியந்தேன். மனத்தில் அச்சம் வேறு. மாமனார் சந்தையிலிருந்து திரும்பிவிட்டால் நீளத்தைக் குறைக்க விடமாட்டார். "இன்னைக்கே வெட்டிடுங்க. மாமா வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க," என்று அவசரப்படுத்தினேன்.

பிள்ளையைக் குளிப்பாட்டப் பின்கட்டுக்குப் போனேன். கோடரிச் சத்தம் கேட்டது. பலகையைச் சின்னதாக்குகிறார் என்று நினைத்தேன். பலகைக்கு யார் கோடரி எடுப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

முன்வாசலுக்கு வந்தபோது வெளிச்சத்தில் கண் கூசியது. வாசலோரம் நின்ற மாமனாரின் மூன்று முருங்கை மரங்களில் இரண்டு தரையில் கிடந்தன. அவர் வாரந்தோறும் சந்தைக்குக் கொண்டுபோவது அந்தக் காய்களைத்தான். கரும்பு நிலத்தைவிட அவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். கிரியோலில் மரத்துக்கும் பியேதான் என்பது அந்த நொடியில்தான் எனக்கு நினைவு வந்தது. பியே மாங் என்று மாமரத்தைத் தினமும் சொல்கிறவள் நான்.

மாமனார் காலிக் கூடையோடு வந்து நின்றார்.

"யார் வெட்டச் சொன்னது?"

"தங்கச்சிதான்," என்றார் தச்சர். "மூணையும் வெட்டச் சொன்னா. நான்தான் ஒண்ணை விட்டு வச்சேன். நீங்க வர்றதுக்குள்ள முடிக்கணும்னு வேற சொன்னா."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"நான் அடின்னு நினைச்சேன், மாமா," என்றேன் தமிழில்.

அவர் குனிந்து வெட்டுவாயைத் தடவிப் பார்த்தார். "ஆமா, அடியிலதான் வெட்டியிருக்கான்."

அதற்கு மேல் என்ன விளக்கினாலும் எடுபடாது என்று புரிந்தது. அழுதேன். நான் அழுவதைப் பார்த்து மகனும் அழுதான். தச்சர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மாமனார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிடந்த மரத்திலிருந்து கை கனத்தில் இரண்டு கிளைகளைப் போத்துகளாக நறுக்கினார், கல்படிக்கு முன்னால் வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என்று குழி தோண்டி நட்டார். "இனி எல்லாரும் இதைப் பார்த்துக்கிட்டே போங்க," என்றார்.

தாழ்வாரம் கல்படி வரை, எட்டு அடி நீளத்தில் எழும்பியது. சவுக்குக் கால்கள் நேராக நிற்கின்றன. கிராதியில் பிள்ளையின் தலை நுழையவில்லை, நான் ஒவ்வோர் இடைவெளியிலும் தேங்காயை வைத்துச் சோதித்துவிட்டேன். கடைசியாகத் தச்சர் தாழ்வாரக் கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளிப்பக்கம் திறந்தால் முருங்கைப் போத்துகளில் இடிக்கிறது. உள்பக்கம் திறந்தால், வெளியே திறக்கும் வீட்டுக் கதவு வந்து முட்டுகிறது. அவர் ஒரு போத்தின் மேல் கை வைத்தார்.

"கையை எடு," என்றார் மாமனார். "தளிர் விட்டிருக்கு, கண்ணு தெரியலையா?"

தெரிந்தது. சுண்டு விரல் நகமளவு, பச்சையாக.

கதவு சுவரில் சாய்ந்து கிடக்கிறது. "பிள்ளைக்கு நான் காவல்," என்று மாமனார் வாசல் இடைவெளியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். சாப்பாட்டுக்குப் பின் குறட்டை விடுகிறார். நேற்று மகன் நாற்காலிக்கு அடியில் நுழைந்து கல்படியில் ஒரு கையை வைத்துவிட்டான். நான் ஓடிப்போய்க் காலைப் பிடித்து இழுத்தேன். மாமனார் விழிக்கவேயில்லை.

நேற்று நடந்ததை அவரிடம் சொன்னால் மனம் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் போத்துகள் அசையாது. வரும் திங்களன்று ஆலை ஓடத் தொடங்குகிறது, வண்டிகளும் வரத் தொடங்கிவிடும். வேர் பிடித்த முருங்கைப் போத்தைப் பட்டுப்போகாமல் வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா? அல்லது திறக்காமலே கதவு வைக்க ஏதாவது வழி உண்டா? உங்களில் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள். மாமனாரிடம் எந்த நேரத்தில், எந்தச் சொல்லால் பேச்சைத் தொடங்கலாம் என்று தெரிந்தவர்கள் அதையும் சேர்த்து எழுதினால் நல்லது.