றஹீம் நானா ஆள் அனுப்பாத நாள்

பதுளை பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் றஹீம் நானா, கட்டுநாயக்க விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டி ஒரு நாளும் கால் வைத்தவரில்லை. ஆனால் உலகத்தின் எந்த மூலையிலாவது படிக்கப் போன ஊவா மாகாணப் பிள்ளை ஒன்று இக்கட்டில் மாட்டிக்கொண்டால், விஷயம் தூதரகத்துக்குப் போகுமுன் றஹீம் நானாவின் கைப்பேசிக்கு வந்துவிடும். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் மடுல்சீமை முருகையாவிடம் கேட்டுக்கொள்ளலாம்.

முருகையா தோட்டத் தொழிலாளி. மகன் கஜேந்திரன் கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் குக்கருக்கு வாஷர் வாங்க வந்த மனிதர், கடை வாசலிலேயே அழத் தொடங்கிவிட்டார்.

"என்னாங்க மொதலாளி செய்வேன்? பய ரயில்ல பாஸ்போட்ட தொலைச்சிட்டு ஸ்டேசன்லயே ஒக்காந்திருக்கானாம். அங்க நமக்குன்னு யாரு இருக்கா?"

"ஏன் இல்லாம? அழ வேணாம். எந்த ஸ்டேஷன் எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கொ."

றஹீம் நானா லுணுகலை வாஹித்தைக் கூப்பிட்டார். வாஹித் தன் மச்சானைக் கூப்பிட்டார். மச்சானுக்குத் தெரிந்த ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். நாற்பதாவது நிமிஷம், லுணுகலையில் பிறந்து கோலாலம்பூரில் தையற்கடை வைத்திருக்கும் ஒருவர், கழுத்தில் அளவு நாடா தொங்க, கஜேந்திரன் முன்னால் போய் நின்றார். பொலிஸ் முறைப்பாடு, தூதரகம், அதுவரைக்கும் மூன்று வேளைச் சோறு எல்லாம் அவர் பொறுப்பு. முருகையா வாஷரை மறந்துவிட்டு ஊருக்கு ஓடி, தோட்டத்தில் இருந்த லயக் குடியிருப்பு எல்லாவற்றிலும் கதையைச் சொன்னார்.

அன்றிலிருந்து பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புகிற பெற்றோர் ஒரு சட்டியோ கரண்டியோ வாங்குகிற சாக்கில் றஹீம் நானாவின் கடைக்கு வந்து போகத் தொடங்கினார்கள். அவர் கேட்பது மூன்றே கேள்வி: எந்த ஊர், யார் பிள்ளை, என்ன தேவை. பிறகு பார்க்க வேண்டும் அவர் முகத்தை! கல்யாண வீட்டுக்காரர் கெட்டார்.

ஒரேயொரு குறை. றஹீம் நானாவுக்கு ஆள் அனுப்பத் தெரியும், அனுப்பிய ஆளை நிறுத்தத் தெரியாது. வெலிமடை நஸ்மியா மான்செஸ்டரிலிருந்து தாயிடம், "சாப்பாடே எறங்குதில்ல உம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னாள். மறுநாள் மூன்று வீட்டார் வட்டிலப்பத்தோடு வந்து நின்றார்கள். நாலாவதாக வந்தவர் டொக்டரையே கூட்டிக்கொண்டு வந்தார். மெல்பர்னில் ஒரு பையனுக்குக் கடைவாய்ப் பல் வலி. பார்க்க வந்தவர்கள் ஏழு பேர். பல் டொக்டரின் அறையில் உட்கார இடமில்லாமல் மற்ற நோயாளிகள் வெளியே நின்றார்களாம்.

"நானா, கொஞ்சம் கூடிப்போச்சே" என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "கூடினா என்ன? கொறஞ்சாத்தானே வெக்கம்!"

இப்பேர்ப்பட்ட மனிதரின் ஒரே மகள் றிப்தா சென்ற வருஷம் கிளாஸ்கோவுக்குப் படிக்கப் போனாள். தகப்பன் அவளுக்குக் கொடுத்த பயணப் பரிசு, அந்த நாட்டில் தனக்குத் தெரிந்த நாற்பத்தொரு பேரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அடங்கிய தாள், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டியது. விமான நிலையக் கதவுக்கு வெளியே மனைவி முஷ்ரிபா மகளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, இவர் விரலை நீட்டி, "மகள், என்ன நடந்தாலும் மொத கோல் வாப்பாக்கு" என்றார். றிப்தா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை அவர் உறுதி எழுதிக் கையெழுத்து வைத்த மாதிரி நம்பிக்கொண்டு ஊர் திரும்பினார். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் தன்னைத் தேடுகிறபோது தன் பிள்ளை தேடாமல் இருக்குமா? அந்தச் சந்தேகமே அவருக்கு வந்ததில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் லுஹர் தொழுது வந்து கடையில் உட்கார்ந்தவருக்கு பர்மிங்காமிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது றுமைஸா என்ற, அவர் முன்பின் அறியாத பெண்.

"நானா, ஒங்கட ஊர்ப் புள்ளயொண்டு கிளாஸ்கோ பக்கம் ஆஸ்பத்திரில ஈக்கிதாம். அப்பெண்டிஸ். ஒபரேஷன் முடிஞ்சி, பயமில்ல. பேர் தெரியா, அஞ்சு பேர் வாய் மாறி வந்த கத. பதுளை பஜார்ல பாத்திரக் கடை மொதலாளிட மகளாம். வாப்பாக்குச் சொல்ல வேணாமெண்டு சொல்றாவாம். எண்டாலும் பெத்தவங்களுக்குத் தெரியாம ஈக்கேலுமா? பக்குவமாச் சொல்ல ஒங்கள உட்டா ஆளில்ல எண்டு சொன்னாங்க."

றஹீம் நானா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல வேல செஞ்சீங்க. நான் சொல்றன். ஆனா என்ன மனிசன் அவன்? பெத்த புள்ள நோய் வந்து கிடந்து சொல்லப் பயப்படுற மாதிரியா ஒரு வாப்பா நடந்துகொள்ளுற?"

பஜாரில் பாத்திரக் கடை மூன்று. ஒன்று இவருடையது. இவருடைய மகள் என்றால் முதல் அழைப்பே இவருக்குத்தான் வந்திருக்கும், ஆகவே அந்தக் கணக்கு அங்கேயே முடிந்தது. மற்றது ஸலீமுடையது, அவன் இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறான். மிச்சம் எதிர்க்கடை ஹபீஸ். ஹபீஸின் மகள் ரிஸ்காவுக்கும் அந்தப் பக்கத்தில் எங்கேயோ படிக்க இடம் கிடைத்ததாகக் கேள்வி. போய்விட்டாளா என்று தெரியாது. ஹபீஸ் அலுமினியச் சட்டிகளைக் கோத்து நடைபாதை வரைக்கும் தொங்கவிட்ட நாளிலிருந்து, ஆறு வருஷமாக இரண்டு கடைக்கும் பேச்சில்லை.

ஆனாலும் ஆபத்துக்கு முன்னால் சட்டி என்ன பெரிது? றஹீம் நானா பழைய பகையை உதறிவிட்டுத் தெருவைத் தாண்டினார். ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கையோடு எடுத்துக்கொண்டார், மயக்கம் போட்டால் முகத்தில் தெளிக்க.

ஹபீஸ் அவரைக் கண்டதும் சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றார்.

"ஹபீஸ், மொதல்ல இரிங்கொ."

"நான் ஏன் இரிக்கோணும்? என்ன விஷயம்?"

"இரிங்கொ எண்டு சொல்றன்." றஹீம் நானா ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்து அவர் முழங்காலுக்குப் பின்னால் தள்ளினார். ஹபீஸ் தானாக உட்கார்ந்துவிட்டார். "ஒங்கட மகளுக்கு ஒண்டும் பயமில்ல. ஒபரேஷன் முடிஞ்சி. அங்க ஏன்ட ஆக்கள் ஈக்கி, நான் பாத்துக்கொள்றன். ஆனா ஒண்டு சொல்றன், கோவிக்க வேணாம். அந்தப் புள்ள ஒங்களுக்குச் சொல்ல வேணாமெண்டு சொல்லீக்கி. அவ்வளவு பயம் காட்டி வளக்கப்படாது, ஹபீஸ்."

ஹபீஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கடையின் பின்பக்கம் திரும்பி, "ரிஸ்கா!" என்று கத்தினார்.

பகல் சோறு பாதியில் நிற்க, எச்சில் கையோடு, பேச்சைக் கேட்டிருந்த ரிஸ்கா வந்து நின்றாள். "என்ன வாப்பா? நான் எங்க போறது, எனக்கு இன்னம் விசாவே வரல்லயே."

ஹபீஸ் விரல் விட்டு எண்ணினார். "பாத்திரக் கடை மூணு. ஸலீம் கலியாணமே முடிக்கல்ல. ஏன்ட மகள் இந்தா நிக்கிறா…" மிச்சத்தை அவர் சொல்லவில்லை. மெல்ல எழுந்து, றஹீம் நானாவைத் தோளில் பிடித்து அதே கதிரையில் உட்கார வைத்தார். போத்தலை வாங்கி, மூடியைத் திறந்து நீட்டினார்.

றஹீம் நானாவுக்கு முதலில் வந்தது பயம். மகள் கத்திபட்டுக் கிடக்கிறாள். அடுத்து வந்தது வெட்கம், பயத்தைவிடக் கெட்டது. றுமைஸாவிடம் அந்த மனிதனைத் தான் என்னவெல்லாம் ஏசினோம் என்று நினைத்துப் பார்த்தார். மகளின் இலக்கம் இரண்டு முறை தப்பிப்போனது. மூன்றாம் முறை ரிஸ்காதான் கையைக் கழுவிவிட்டு வந்து எடுத்துக் கொடுத்தாள்.

"வாப்பா" என்றாள் றிப்தா. குரல் மெலிந்திருந்தது. "சொல்லிட்டாங்களா?"

"மகள், ஏன் எனக்குச் சொல்லல்ல? நாப்பத்தொரு பேர எழுதித் தந்தேனே!"

"அதுக்குத்தான் சொல்லல்ல, வாப்பா. வகுத்து வலில சுருண்டு கிடக்கக்குள்ள நாப்பத்தொரு பேருக்கு யாரு பதில் சொல்ற? எங்கட கெம்பஸ் அட்டைக்குப் பின்னுக்கு அவசர நம்பர் ஈக்கி. அடிச்சேன். ஆம்புலன்ஸ் வந்திச்சி. எந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாதெண்டு நானே டொக்டருக்குச் சொன்னேன். கெம்பஸ் பரீட்சைக்கு வேற நாள் கேட்டும் எழுதிட்டேன்."

எல்லாம் அவளே செய்திருந்தாள். றஹீம் நானா செய்வதற்கு ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, குறையாகவும் இருந்தது.

"எண்டாலும் ஒரு ஆளாவது அனுப்பவா? ஒரே ஒரு ஆள்."

"வாப்பா!"

"சரி, சரி. இல்ல."

"ஆள் வேணாம். தையல் நோகுது. நீங்க பேசிட்டு ஈந்தாப் போதும். வழமை மாதிரி ரெண்டு நிமிஷத்தில ஃபோன வெக்கப்படாது."

அதற்குள் கதை ஊரைச் சுற்றிவிட்டது. கடையில் விட்டு வந்த இன்னொரு கைப்பேசி, தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து ஓயாமல் அலறியது. தோஹா, டொரொண்டோ, கோலாலம்பூர் எல்லாம் அதில் வரிசையாக நின்றிருக்கும். "எந்த வார்டு? எப்ப போகோணும்?" என்று கேட்க ஆட்கள் துடித்துக்கொண்டிருப்பார்கள். றஹீம் நானா ஹபீஸைப் பார்த்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு ஹபீஸ் றஹீம் நானாவின் கடைக்குள் நுழைந்து அந்தக் கைப்பேசியை எடுத்து, வந்த ஒவ்வொருவரிடமும், "ஒருத்தரும் போக வேணாம், துஆ மட்டும் செய்ங்கொ" என்று சத்தம் போட்டுச் சொல்லத் தொடங்கினார்.

இங்கே தகப்பன் பேசினார். மழை பெய்ததைப் பேசினார், உம்மா வைத்த மாங்காய் ஆணத்தைப் பேசினார், எதிர்க்கடைக்குத் தண்ணீர்ப் போத்தலோடு வந்த கதையைச் சொன்னார். சிரித்தால் தையல் இழுக்கிறதென்று றிப்தா கெஞ்சினாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் பதில் குறைந்து, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கைப்பேசியை வைக்கவில்லை.

திடீரென்று அந்தப் பக்கம் ஒரு நர்ஸின் குரல் ஆங்கிலத்தில் கேட்டது: நோயாளி தூங்குகிறாள், யார் பேசுவது, ஏதாவது வேண்டுமா?

றஹீம் நானா எழுந்து நின்றுவிட்டார். உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளோடும் தூதரகங்களோடும் பேசுவித்த மனிதருக்கு, கேட்பதற்கு ஒரு தேவையும் அகப்படவில்லை.

"நத்திங், மிஸ்" என்றார். "ஒன்லி ஃபாதர்."

நர்ஸ் கைப்பேசியை அணைக்காமல் மகளின் தலையணையிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.