லட்சுமி நகருக்குச் சாக்கடை வந்த கதை

இல்லத்தரசி உத்தியோகத்தில் சம்பளம் கிடையாது, ஓய்வு கிடையாது, மாற்றல் மட்டும் உண்டு. அந்த உத்தரவிலும் கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நம்மிடம் காட்டுவார். எனக்கு அப்படி வந்த மாற்றல் கும்பகோணம் டவுனிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி, லட்சுமி நகருக்கு. இதே பதவியில் இருக்கும் சகோதரிகளுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

குறுக்குத் தெரு

நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் அந்தப் பக்கத்து மிராசுதார் விழித்துக்கொண்டார். ரோட்டோர வயலில் மண்ணடித்து, மனை போட்டு விற்றுவிட்டார். நாங்கள் குடிபோனபோது இருபத்திரண்டு வீடுகள். முதல் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு எல்லாம் இருந்தன. எதற்குக் குறுக்கே என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் வரக் கைபம்பு இருந்தது. வந்த தண்ணீர் போக வழி இல்லை.

சாக்கடை கேட்டு நகராட்சிக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா, நாங்கள் டவுனுக்குப் பக்கத்தில் இருக்கிறோமே தவிர டவுனில் இல்லை என்று பூகோளப் பாடம் நடத்தி, பஞ்சாயத்துக்கு அனுப்பினார். பஞ்சாயத்துத் தலைவர் கரைவேட்டியும் மரியாதையுமாக நாற்காலி போடச் சொன்னார். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"உங்களுக்கு ஆஸ்பத்திரி டவுன்ல, பள்ளிக்கூடம் டவுன்ல, சினிமா டவுன்ல. சாக்கடை மட்டும் எங்ககிட்டயாம்மா?"

பின்சுவர்

அரசாங்கம் தராத வழியைக் கொத்தனார் தந்தார். பின்சுவரில் ஓட்டை போட்டுக் குழாய் செருகினார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால். இருபத்திரண்டு வீட்டுக் குழாய்களும் அதில்தான் வாய் வைத்தன. சில வீட்டார் குளியலறைத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளவுமில்லை. நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன், பாத்திரம் தேய்க்க அஞ்சலை வரும்வரை.

வாய்க்கால் எங்கே போகிறது என்று அவளைக் கேட்டேன். அவள் வயலுக்குத்தான் போகிறதாம். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். அதே மிராசுதாருடைய நிலம், குத்தகைக்கு உழுகிறவன் அவள் புருஷன் ரத்தினம். குத்தகைப் பதிவேட்டில் அவன் பேர் ஏறியதிலிருந்து மிராசுதாருக்குத் தூக்கம் இல்லை. ஒரு போகம் தரிசாகக் கிடந்தால் போதும், சாகுபடியை விட்டுவிட்டான் என்று கோர்ட்டில் சொல்லி இறக்கிவிடுவாராம். அதனால் எந்தத் தண்ணீர் வந்தாலும் நட்டே ஆக வேண்டும். இதையெல்லாம் அவள் சொல்லும்போது நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கேட்டேன் என்று சொல்ல மாட்டேன், காதில் விழுந்தது. காலையில் என் வீட்டில் கழுவிய தண்ணீரிலேயே பகலில் நின்று களை பறிக்கிறாளே, அருவருப்பாக இல்லையா என்று மட்டும் கேட்டுவைத்தேன். கான்வென்டில் படித்த வாய், சும்மா இருக்குமா?

"பழகிடுச்சும்மா. வயல்ல நின்னாலே தெரிஞ்சிடும், இன்னிக்கு எந்த வீட்ல மீன் கழுவினாங்க, எந்த வீட்ல புள்ளைக்கு வயித்தால போவுதுன்னு."

பச்சை

கார்த்திகைக் கடைசியில் என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அக்கம்பக்கத்து வயல்களைவிட அஞ்சலையின் சம்பா கரும்பச்சையாக நின்றது. எங்கள் புண்ணியத்தில் உரச்செலவு மிச்சம் என்று வேலி ஓரம் நின்ற ரத்தினத்திடம் பெருமையாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பயிர் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, காற்றடிக்காமலே சாய்ந்துகொண்டிருந்தது. நடவுக்கு வந்த பெண்களுக்கு முழங்கால்வரை புண். அடுத்த வருஷம் அந்த வயலில் இறங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அஞ்சலையின் காலையும் அன்றுதான் பார்த்தேன். ஒரு வருஷமாக என் வீட்டு முற்றத்தில் நடக்கிற கால்.

"தழை இருக்கும்மா," என்றான் ரத்தினம். "கதிரைத்தான் காணும்."

மனு

எனக்குக் கோபம் வந்தால் கை தானாக எழுதும். மனு என்றால் பெரிய துக்கத்தை முதல் பத்தியிலேயே வை என்று எங்கள் கான்வென்ட் சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வைத்தேன். கலெக்டருக்கு, இங்கிலீஷில், இரண்டு பக்கம். நகரின் கழிவுநீரால் பின்னால் உள்ள நிலம் அடியோடு கெட்டுவிட்டது, இனி அது சாகுபடிக்கு லாயக்கில்லை, பயிர் என்று அங்கே இருப்பது வெறும் புல், ஆகவே உடனே சாக்கடை கட்டித்தர வேண்டும். வாசித்தபோது எனக்கே கண் கலங்கியது. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். இருபத்திரண்டும் வந்தன.

கடைசிக் கையெழுத்து பக்கத்து வீட்டு பாத்திமாவுடையது. புருஷன் சிங்கப்பூரில், அவள் தனியாக வீட்டையும் வழக்குவம்புகளையும் சமாளிக்கிறவள். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். இதையும் என்னைத் தமிழில் சொல்ல வைத்து நிதானமாகக் கேட்டாள். போட்டுவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே கேட்டாள்:

"அக்கா, இதை ரத்தினத்துக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டினீங்களா?"

நகல்

சொல்லிக் காட்டவில்லை. நல்லது செய்யும்போது யாரிடம் அனுமதி கேட்பது?

மனு கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்கும், தாசில்தாரிடமிருந்து கிராமக் கணக்கு எழுதும் கர்ணத்துக்கும் இறங்கியது. கர்ணம் மிராசுதார் வீட்டில் காபி குடிக்கிறவர். இரண்டே மாதத்தில் ரத்தினத்தின் மேல் வழக்கு. நிலம் கெட்டுப்போக விட்டான், சாகுபடி நடக்கவில்லை. சாட்சி, படித்த பெண்மணி ஒருவர் எழுதி இருபத்திரண்டு குடும்பத்தார் ஒப்பமிட்ட மனு. எங்கள் கழிவுநீரால்தான் கெட்டது என்ற வரியும் அதில் இருந்தது. அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. நான் கோர்ட்டுக்குப் போய், பயிர் இருந்தது, கண்ணால் பார்த்தேன் என்றேன். மிராசுதாரின் வக்கீல் என் கையெழுத்தை என்னிடமே நீட்டினார், மிக மரியாதையாக:

"அப்ப எழுதினது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா, அதை மட்டும் சொல்லுங்கம்மா."

இரண்டாம் பகுதி

மறுவருஷம் தை மாதம் ரத்தினத்தை நிலத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். சித்திரையில் மண் லாரிகள் வந்தன. ஆறு மாவும் மனைகளாகி, லட்சுமி நகர் இரண்டாம் பகுதி என்று பலகை நட்டார்கள். மனை விற்க வேண்டுமே, அதனால் சாக்கடையும் வந்தது, சிமென்டில், நான் கேட்டதைவிட அகலமாக. அது அடுத்த வயலில் போய் விழுகிறது. ரத்தினம் திருப்பூருக்குப் போனான். அங்கே என்ன வேலை என்று அஞ்சலை சொல்லவில்லை.

அவள் மட்டும் வழக்கமான நேரத்துக்கு வந்துகொண்டிருந்தாள். நான்தான் அவள் எதிரே நிற்க முடியாமல் அறைக்குள் மடித்த துணியையே மடித்துக்கொண்டிருந்தேன். ரத்தினம் போன பத்தாம் நாள் பொறுக்காமல் வெளியே வந்து, வேண்டுமென்று செய்யவில்லை என்று ஆரம்பித்தேன். அவள் சட்டியைக் கவிழ்த்துவைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"விடுங்கம்மா. நீங்க ஒண்ணும் பொய்யா எழுதலியே. தண்ணி ஊத்துங்க, கை கழுவணும்."

டவுனுக்கும் புறநகருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், டவுனில் நம் அழுக்கு யார் தலையில் விழுகிறது என்று கடைசிவரை தெரியாது, இங்கே அவள் காலை ஏழு மணிக்கு நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள் என்பதுதான்.