மாமா கதவாக நின்ற நாடகம்

எங்கள் குடும்பத்தில் நாடகத்தில் நடித்தவர் ஒருவர்தான். அம்மாவின் அண்ணன், என் மாமா. அவர் ஏற்ற வேடம் கதவு.

கதவுக்குப் பக்கத்தில் நிற்கும் காவல்காரர், கதவைத் திறந்துவிடும் வேலைக்காரர் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். கதவேதான். உடம்பு முழுக்கக் காப்பித்தூள் நிறத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டவைத்தபடி மேடை நடுவில் நிற்க வேண்டும். எனக்கு அப்போது பத்து வயது. பெருமை தாங்காமல் பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் சொன்னேன். கதவுக்கு வசனம் உண்டா என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்றேன். சண்டை உண்டா? இல்லை. பாட்டு? அதுவும் இல்லை. அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாமாவுக்கு ஈப்போ பழைய நகரத்தில் ஒரு கடைவரிசையைக் காவல் காக்கும் ஜாகா வேலை. சீருடையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கொடுத்திருந்தார்கள். நாற்காலியில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நின்றுகொண்டேதான் இருப்பார். அந்த வரிசையில் சீன மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியை ஒரு சின்ன நாடகக் குழு வாடகைக்கு எடுத்திருந்தது. குழு என்றால் மூன்றே பேர். நாடகம் எழுதி இயக்குகிற அக்கா, பகலில் பல் கிளினிக்கில் வேலை பார்த்தார். நடிப்பதற்கு இரண்டு அண்ணன்கள். ஒல்லி அண்ணன் காப்புறுதி விற்பவர். குண்டு அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுபவர்.

அவர்கள் போட்டது அபத்த நாடகம் என்பதை வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் அன்று அதற்குப் பெயர் ‘ஒண்ணும் வெளங்காத நாடகம்’. ஒன்றில் இரண்டு பேர் காலிப் பானையிலிருந்து ரசம் ஊற்றிக் குடித்து, உப்புக் கூடிவிட்டது என்று கடைசிவரை சண்டை போட்டார்கள். பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் நடிகர்களின் சொந்தக்காரர்கள். கீழே மருந்துக்கடை வைத்திருந்த சீனத் தாத்தா மட்டும் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாமல் எல்லா நாடகத்துக்கும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பார். புரிந்த அளவில் அவருக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததாகத் தோன்றவில்லை.

புது நாடகத்துக்குப் பலகையில் ஒரு கதவு செய்திருக்கிறார்கள். அது ஒத்திகையின்போது விழுந்து விழுந்து கீழே மருந்துக்கடையில் புட்டிகள் ஆடின. சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல மாமா மாடியேறிப் போய் வாசலில் நின்றார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் வழக்கம்போல் நின்றுகொண்டே இருந்தார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாராம்.

“அண்ணே, ஒரு மணி நேரம் அசையாம நிக்க முடியுமா?”

“அதுக்குத்தான்லா எனக்குச் சம்பளமே குடுக்குறாங்க.”

மாமா பேசிய மிக நீளமான வாக்கியங்களில் அது ஒன்று. அவர் நல்லவர். குடி கிடையாது, கோபம் கிடையாது, பேச்சும் கிடையாது. கேட்டதற்குப் பதில் வராது. அந்த மௌனத்தோடு பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்திவிட்டு, அத்தை ஒரு நாள் பாரிட் புந்தாரில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை. மாமா தன் துணிமணிகளோடு எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார். சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம், நடக்காத சண்டைக்கு யார் போய்ப் பேசுவது என்று அப்பா சலித்துக்கொள்வார்.

அத்தை தொலைபேசியில் கூப்பிடுவார். மேசைமேல் கிடக்கும் கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகரும். மாமா அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். அடித்து ஓய்ந்ததும் அம்மாவின் கைப்பேசி அடிக்கும். அத்தையின் குரல் வெளியே எனக்கும் கேட்கும்.

“சரின்னு சொல்லட்டும், இல்ல முடியாதுன்னாவது சொல்லட்டும். வக்கீல்கிட்ட வந்து ஒரு கையெழுத்துப் போட்டு என்னைய விட்டுறச் சொல்லுங்கம்மா. நானும் எத்தன நாளைக்கு இப்படியே இருக்குறது?”

அம்மா போய்ச் சொல்வார். மாமா சீருடையை மடித்து வைப்பார். கையெழுத்து என்றால் எனக்குப் பள்ளி மதிப்பெண் அட்டைதான் ஞாபகத்துக்கு வரும். அத்தை திரும்பி வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை இல்லை. மாமா பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுபவர் அவர். அவர் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை.

கதவு வேடத்துக்கான பயிற்சி எங்கள் வீட்டு நடையில்தான் நடந்தது. ஒரு காலை ஊன்றி அதைக் கீலாக வைத்துக்கொண்டு உடம்பை மெல்லத் திருப்ப வேண்டும். அதுதான் திறப்பது. ஆனால் நாடகத்தில் கதவு ஒருபோதும் திறக்காது. பிறகு எதற்கு அந்தப் பயிற்சி என்று நான் அக்காவையே கேட்டேன்.

“தொறக்கத் தெரியாம நின்னா அது சுவரு பாப்பா. மாமா கதவு. தொறக்கத் தெரியும், ஆனா தொறக்க மாட்டாரு.”

எனக்கு விளங்கியது போலவும் இருந்தது, விளங்காதது போலவும் இருந்தது. அப்பாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாமாவின் முன்னால் நின்று, “அலாமா, கொஞ்சம் தொறங்க மச்சான், குளிக்கணும், வேலைக்கு நேரமாச்சு” என்று கெஞ்சுவார்.

நாடகம் இதுதான். இரண்டு பேர் ஒரு பெரிய பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறார்கள். கதவைத் தட்டுகிறார்கள். திறக்கவில்லை. காத்திருக்கிறார்கள். பேசிப் பேசி, வந்தது யார் வீட்டுக்கு என்பதை மறக்கிறார்கள், எதற்கு வந்தோம் என்பதையும் மறக்கிறார்கள். கடைசியில் பழத்தை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அக்கா நிஜப் பலாப்பழம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்ததால் மாடி முழுவதும் பழுத்த வாசனை மிதக்கும். கீழேயிருந்து மருந்து வேர்களின் வாசனை ஏறி வந்து அதோடு கலக்கும். நீல விளக்கில் மாமாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் முகம் கரைந்து, தோள் கரைந்து, மெய்யாகவே ஒரு கதவு மட்டும் நிற்கும். அதற்குப் பின்னால் ஒரு அறை இருப்பதாகவும், அறையில் மஞ்சள் விளக்கு எரிவதாகவும், அத்தை அங்கே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதாகவும் எனக்குத் தோன்றும். தட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்காமலா இருக்கும் என்று நினைப்பேன். கண்கள் செருகி, பாதிக் கனவில் அம்மாவின் மடியில் சாய்வேன்.

அந்த வருடம் சுங்காய்க்குப் பக்கத்தில், அம்மாவும் மாமாவும் பிறந்த தோட்டத்துக் கோயிலில் திருவிழா வந்தது. தோட்டம் என்று சொல்வது பழக்கத்தால்தான். ரப்பர் மரமெல்லாம் போய் செம்பனை வந்து, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். கோயிலும் அதை ஒட்டிய தகரக் கூரை மண்டபமும் மட்டும் மிச்சம். வருடத்துக்கு ஒரு நாள் எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் வந்து அங்கே சாப்பிட்டுவிட்டு, நீ இளைத்துவிட்டாய், நீ பெருத்துவிட்டாய் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். மாமா நாடகக்காரராகிவிட்டார் என்ற செய்தி அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது. அன்னதானம் முடிந்ததும் ஒரு நாடகம் போட வேண்டும் என்று கோயில் தலைவர் கேட்டுக்கொண்டார். அவர் ராஜா, மந்திரி, கிரீடம் என்று எதிர்பார்த்திருப்பார் என நினைக்கிறேன்.

நண்பகல் கடந்து, வானம் கறுத்திருந்தது. பெண்கள் பக்கத்தில் அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். இரண்டு வரிசை முன்னால் பச்சைச் சேலையில் ஒரு முதுகு. அது அத்தை. அவரும் அதே தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் பிறந்தவர்தான். நான் எழுந்து ஓடப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

நாடகம் தொடங்கியது. ஒல்லி அண்ணன் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. குண்டு அண்ணன் தட்டினார். திறக்கவில்லை. ஈப்போவில் இந்த இடத்தில் ஆழ்ந்த அமைதி நிலவும். இங்கே பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

“டேய் தம்பி, சுத்திப் போங்கடா! குசினிப் பக்கம் இன்னொரு கதவு இருக்கும்லா!”

லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு முன்கதவு திறக்கவில்லை என்பது ஒரு பிரச்சினையே அல்ல. மண்டபமே சேர்ந்துகொண்டது. பக்கத்து வீட்டில் கேள் என்றார் ஒருவர். பழத்தை வெயிலில் வைக்காதே என்றார் ஒரு அம்மா. நடிகர்கள் இருவரும் வசனத்தை மறந்து திருதிருவென்று விழித்தார்கள். அந்த நாடகத்தில் வசனத்தை மறந்தாலும் யாருக்கும் தெரியாது என்பது நல்லதாகப் போயிற்று. இடையில் தலைவர் ஒலிபெருக்கியில், கதவாக நடிக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தப்படுகிறது என்று அறிவித்தார். ஒருவர் மேடையேறி மாமாவின் மேல் சரிகைத் துண்டைப் போர்த்தி, கைகுலுக்கக் கையை நீட்டினார். கதவு கை கொடுக்கவில்லை. அதற்கு விழுந்த கைதட்டல் இன்றும் என் காதில் இருக்கிறது.

அப்போதுதான் மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை என்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. நடிகர்களின் வாய் மட்டும் அசைந்தது. சாரல் உள்ளே வந்து எல்லாவற்றின் மீதும் படிந்தது. மேடை எங்கோ தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் தெரிந்தது. ஜனங்கள் பேசுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மங்கலில், பச்சைச் சேலை எழுந்து நடந்தது.

அத்தை மெதுவாகத்தான் போனார். படியில் செருப்பைக் கழற்றி வைத்தார். பொன்னாடை போர்த்தப் போகிறார் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள், ஆனால் கையில் ஒன்றும் இல்லை. நடிகர்கள் இருவரும் பலாப்பழத்தோடு விலகி நின்றார்கள். அத்தை மாமாவின் முன்னால் நின்று ஏதோ சொன்னார். இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று. மழையில் எனக்குக் கேட்கவில்லை, யாருக்குமே கேட்டிருக்காது. மாமா கண்ணைத் திறந்தார். மேடையில் அதுவரை ஒருமுறைகூடத் திறக்காத கண்.

அம்மாவின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது.

மாமா ஒரு காலை ஊன்றினார். பிறகு எங்கள் வீட்டு நடையில் பழகியதுபோலவே, ஒரே சீராக, உடம்பு முழுவதும் பலகையாக, மெல்லத் திரும்பினார். வழி உண்டாயிற்று. அத்தை ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த வழியாக நடந்து, திரைக்குப் பின்னால் போனார். பின்படி இறங்கி மழையில் வெறுங்காலோடு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு பச்சை அசைவாகப் போனதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நான் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திறந்தபடியே நின்றார். இத்தனை நேரம் தட்டிக்கொண்டிருந்த இருவரும் திறந்த கதவைப் பார்த்தபடி உள்ளே போகாமல் நின்றார்கள். அக்கா மேடை ஓரத்தில் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. எங்கள் தோட்டத்தாருக்கு அந்த நாடகம் முழுதாக விளங்கிவிட்டது. கடைசியில் கதவு திறந்தது, வீட்டுக்காரி உள்ளே போனாள், சுபம். எனக்கும் அப்படித்தான் விளங்கியது. மகிழ்ச்சியில் துள்ளினேன். அம்மாவின் கன்னத்தில் இருந்தது சாரல் என்று நினைத்தேன்.

ஈப்போ திரும்பிய மறுநாள் மாமா தானாகவே கைப்பேசியை எடுத்து எண்களை அழுத்தினார். “சரி” என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “நீ சொல்ற நாளைக்கே வாரேன்” என்றார். அவ்வளவுதான். அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

அந்த நாள் வந்தபோது மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

“டவுன்ல வக்கீல் ஆபீஸு பாப்பா. அத்தையும் வாராங்க.”

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அத்தைக்குப் பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாது, தலைசுற்றி வாந்தி வரும், அப்போதெல்லாம் புளிப்பாக அசாம் பொய் என்கிற உலர்பழம் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வார். முக்குக் கடைக்கு ஓடி, உப்பும் புளிப்புமாக உலர்ந்த அந்தப் பழங்களில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து மாமாவின் சட்டைப்பையில் திணித்தேன்.

“மறக்காம குடுங்க மாமா. ஜன்னல் பக்கத்துல உக்காரச் சொல்லுங்க.”

“சரி பாப்பா, சொல்றேன்.” அவர் குனிந்து என் தலையில் கை வைத்தார். கை வெகுநேரம் அங்கேயே இருந்தது.

சாயங்காலம் தனியாகத்தான் வந்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். பொட்டலம் இல்லை.

“அத்தை எங்க மாமா?”

“குடுத்துட்டேன்லா. வாயில போட்டுக்கிட்டுத்தான் பஸ் ஏறினாங்க. ஜன்னல் சீட்டுதான்.”

எனக்குப் பெரிய நிம்மதி. அப்படியானால் வழியில் தலைசுற்றாது, பத்திரமாக வந்து சேர்ந்துவிடுவார் என்று அம்மாவிடம் சொல்ல ஓடினேன். அந்தப் பஸ் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.