என்னை மட்டும் இரண்டு முறை எண்ண முடியாது

சபையாரே, ஜெர்மன்காரன் சிறைமுகாமில் ஒரு குளிர்காலம் முழுக்க நான் உயிரை வெறுத்துக் கிடந்தேன். யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் விமானப் படையில் சேர்ந்து, குண்டு போடும் விமானத்தில் ஒயர்லெஸ் பார்த்தவன் நான். விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். பாராசூட்டில் குதித்துப் பிடிபட்டேன்.

காலையும் மாலையும் எங்களை ஐந்தைந்து பேராகப் பனியில் நிறுத்தி எண்ணுவார்கள். ஏழு பேருக்கு ஒரு கறுப்பு ரொட்டி. பால்பவுடர் டப்பாவில் அடுப்பு செய்து, கட்டில் பலகையை உடைத்து எரித்து, உருளைக்கிழங்குத் தோலைக் கொதிக்க வைத்துக் குடிப்போம். எண்ணுகிறவனை எரிச்சல்படுத்துவதுதான் எங்களுக்கு ஒரே பொழுதுபோக்கு. ஒருவன் இருமுவான், ஒருவன் நகர்ந்து நிற்பான். அவன் மறுபடி முதலிலிருந்து எண்ணுவான்.

ஜாக் எங்கள் விமானத்தில் பின்பக்கத் துப்பாக்கிக்காரன். காலையில் எண்ணும் நேரத்தில் வெளியே போகும் குப்பை வண்டியில், சாக்குக்கு அடியில் ஒளிந்து தப்பிக்க முடிவு செய்தான். தலை ஒன்று குறைந்தால் கேட்டை மூடிவிடுவார்கள். அவனைச் சுட்டாலும் சுடுவார்கள். அதனால் எண்ணி முடித்த வரிசையிலிருந்து ஒருவன் குனிந்து ஓடி, எண்ணாத வரிசையில் நிற்கவேண்டும். நான் குள்ளம், நானே ஓடுகிறேன் என்றேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முகாமிலேயே கறுப்பு ஆள் நான் ஒருவன்தான். உன்னை இரண்டு முறை எண்ணினால் குருடனுக்கும் தெரிந்துவிடும் என்றான் ஜாக். கேலியாகத்தான் சொன்னான். வேறொருவனை ஏற்பாடு செய்தார்கள்.

நான் ஒரு மூலையில் போய் நம் ஊர்ப் பேச்சிலேயே ஆண்டவரோடு சண்டை போட்டேன்.

"இந்த மூஞ்சிய இன்னாத்துக்குக் குடுத்தீரு? எதுக்காவது ஒதவட்டும்."

மறுநாள் வண்டி நகர்ந்தது. எண்ணுகிறவன் என் வரிசைக்கு வந்துவிட்டான். ஓட வேண்டியவனால் அசைய முடியவில்லை, ஒரு காவலாளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். என் முழங்கால் தானாக மடிந்தது. பனியில் முழங்காலிட்டு, கையைத் தூக்கி, தமிழில் கத்தி ஜெபித்தேன். முதலில் நடிப்புதான், ஒத்துக்கொள்கிறேன். முதுகில் துப்பாக்கிக் கட்டை விழுந்ததும் அது நிஜ ஜெபமாகிவிட்டது.

"ஜாக்க வுட்டுடாதீரு ஆண்டவரே."

உதைத்தார்கள். எழவில்லை. காவலாளிகள் எல்லாரும் அந்த ஒரே கறுப்பு முகத்தைச் சுற்றி நின்றார்கள். அந்த நேரத்தில் ஓட வேண்டியவன் எண்ணாத வரிசைக்கு ஓடிவிட்டான். எண்ணிக்கை சரியாக வந்தது. வண்டி கேட்டைத் தாண்டியது.

எனக்குப் பத்து நாள் தனிச்சிறை. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு, ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீசுக்கு ஜாக் எழுதிய கடிதம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் அழுதேன்.

இப்போது நான் ஃபேக்டரி கேட்டில் வாட்ச்மேன். ஷிப்டுக்கு வருகிறவர்களை எண்ணி உள்ளே விடுவது என் வேலை. ஆனால் நான் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுத்தான் விடுகிறேன். சூப்பர்வைசருக்கு அது பிடிக்காது.

"தலைய எண்ணி வுடு பெருசு, லைன் நிக்குது" என்று திட்டுவார். திட்டட்டும். உதைக்கே எழுந்திருக்காதவன் நான்.

உங்களிடம் உள்ள எதையாவது குறையாகக் காட்டி, உன்னால் ஆகாது என்று யாராவது சொன்னார்களா? அதையே கொண்டுபோய் ஆண்டவர் முன்னால் போட்டுச் சண்டை பிடியுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அன்று உதைபட்ட முழங்கால் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனாலும் தினமும் ஷிப்டுக்கு முன்னால், அந்தக் கேட்டருகிலேயே முழங்காலிடுகிறேன். பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும்.