வியாகுலமேரி படித்த அரபி

எங்கள் ஆவூர்ப் பங்கில் வியாகுலமேரியைத் தெரியாதவர்கள் இல்லை. பூசைக்கு முதல் ஆளாக வருவாள். பாட்டுப் புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஐம்பது வயதுக்கு மேல் அவள் அரபி படிக்க வேண்டி வந்தது. பிழைக்கப் போவதற்காக இல்லை. கட்டிய கணவரோடு ஒரு வார்த்தை பேசுவதற்காக.

கணவர் சந்தனராஜ் குவைத்தில் ஒரு வீட்டில் இருபது வருடம் சமையலும் எடுபிடியுமாக இருந்தவர். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பாஸ்கா திருவிழாவுக்கு வந்து போவார். போன வருடம் மொத்தமாக வந்து சேர்ந்தார். வந்து காட்டில் கடலை போட்டார். அதைப் பிடுங்குவதற்குள் பக்கவாதம் அடித்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

பேச்சும் போயிற்று. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆனால் திரும்பி வந்தது தமிழ் இல்லை. வீட்டில் எல்லாரும் பயந்துபோய் பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து ஜெபிக்கச் சொன்னார்கள். அடுத்த வீட்டு ஜெயராணிதான் கேட்டுவிட்டுச் சொன்னாள். அவளும் குவைத்தில் வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்தவள்.

"மேரியக்கா, பேயும் இல்ல, பிசாசும் இல்ல. அண்ணன் அரபி பேசுறாரு."

மூளையில் அடிபட்டால் சிலருக்கு ஒரு மொழி போய் இன்னொன்று நின்றுவிடும் என்று டாக்டரும் சொன்னார். தமிழில் என்ன சொன்னாலும் சந்தனராஜ் கண்ணைக் கண்ணை உருட்டிப் பார்த்தார். தான் எங்கே இருக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. அவரிடம் "நீங்க வீட்டுக்கு வந்துட்டீங்க" என்று சொல்லிப் புரியவைத்துவிட வேண்டும். வியாகுலமேரி மாதாவிடம் கேட்டது அது ஒன்றுதான்.

முதலில் அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வீடியோ பார்த்துப் படித்தாள். "கைஃப ஹாலுக்க" என்று அவரிடம் போய்ச் சொன்னாள். சுகமா என்று அர்த்தமாம். அவர் சுவரைப் பார்த்தார்.

ஜெயராணி விழுந்து விழுந்து சிரித்தாள். "இது புத்தகத்து அரபிக்கா. வேலைக்காரங்கிட்ட எவ வந்து சுகமான்னு கேட்டா? நான் சொல்லித்தாரேன், வாங்க."

வா, போ, எடு, தண்ணி, சாப்பாடு என்று ஒவ்வொன்றாகப் பாடம் நடந்தது.

"தொண்டையில மீன் முள்ளு சிக்குன மாதிரி சொல்லுங்கக்கா. ஜெபமாலை சொல்ற மாதிரி இழுக்காதீங்க. அதட்டிச் சொல்லுங்க!"

கடலை பிடுங்கப் போன இடத்திலும் சொல்லிப் பழகினாள். கூட வேலை பார்த்த ஆரோக்கியம்மாள், "என்னடி மேரி, கடலை பிடுங்குறியா, காறித் துப்புறியா?" என்றாள். வியாகுலமேரியும் சிரித்துக்கொண்டாள். அந்த நாட்களில் அவள் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது.

ஒருநாள் காலையில் கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "தஆல்" என்றாள். இங்கிட்டுத் திரும்புங்க, வாங்க என்றுதான் நினைத்துச் சொன்னாள். ஜெயராணி சொல்லிக்கொடுத்தபடியே கொஞ்சம் அழுத்தியும் சொன்னாள்.

சந்தனராஜின் முகம் மாறியது. "ஹாதிர், ஹாதிர்" என்று பதறிக்கொண்டு, இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழப் பார்த்தார். பாதி உடம்பு வரவில்லை. கீழே விழுந்தார். தரையில் கிடந்தபடியே, "ஆசிஃப், மேடம், ஆசிஃப்" என்று அழுதார்.

ஜெயராணி ஓடி வந்தாள். இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

"என்னடி சொல்றாரு?"

"இந்தா வந்துட்டேன்னாரு. இப்ப மன்னிப்புக் கேக்குறாருக்கா. ஒங்கள அந்தக் குவைத்து வீட்டுக்கார அம்மான்னு நெனைக்கிறாரு."

வியாகுலமேரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "போன்ல கேக்குறப்பெல்லாம், 'இங்க எல்லாரும் தங்கமானவங்க மேரி'ம்பாரே."

"நானும் எங்க ஆத்தாகிட்ட அப்படித்தான் சொன்னேன்" என்றாள் ஜெயராணி. "எனக்குத் தெரிஞ்ச அரபி பூராம் என்னைய அதட்டுன அரபிதான்கா. அதத்தான் ஒங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன்."

கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு வியாகுலமேரி கேட்டாள். "வேலை முடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போங்கன்னு எப்படிச் சொல்றது?"

ஜெயராணி யோசித்தாள். "அத எங்கிட்ட யாரும் சொன்னதில்லையேக்கா." பிறகு தெரிந்த வார்த்தைகளைச் சேர்த்துக் கொடுத்தாள். "ஷுகல் கலாஸ். ரூஹ் பைத்."

அன்று சாயங்காலம் வியாகுலமேரி அவர் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, அதட்டாமல், தாலாட்டுகிற குரலில் சொன்னாள். "ஷுகல் கலாஸ். ரூஹ் பைத்."

அவர் நம்பாதவர்போல அவளைப் பார்த்தார். பிறகு, "ஜவாஸ்?" என்று இடது கையை நீட்டினார்.

ஜெயராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பாஸ்போர்ட்டக் கேக்குறாருக்கா. அத அவங்கதான வாங்கி வச்சுக்குவாங்க. அது கைக்கு வந்தாத்தான் ஊருக்கு."

வியாகுலமேரி பீரோவிலிருந்து பழைய பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு எழப் பார்க்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்துவிட்டதாகவும் நினைக்கவில்லை. கிளம்பத் தயாராகப் படுத்திருந்தார். சாயங்காலம் ஆனால், "சையாரா?" என்பார். கார் வந்துவிட்டதா என்று அர்த்தம். "பாச்சர்" என்பாள் இவள். நாளைக்கு வரும்.

தவக்காலத்தில் நிலைமை மோசமானது. சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். சந்தனராஜ் மூச்சுக்கு இடையில் கேட்டார். "சையாரா?"

நாளைக்கு என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வந்துவிட்டது என்பதற்கு அரபியில் வார்த்தை தெரியாது. ஜெயராணி குளத்தூருக்குப் போயிருந்தாள்.

"வந்துருச்சுங்க" என்று தமிழிலேயே சொன்னாள். "வாசல்ல நிக்குது. போகலாம்."

அவர் இடது கால் போர்வைக்குள்ளிருந்து மெல்ல நகர்ந்து, கட்டிலுக்கு வெளியே செருப்பைத் தேடியது.